இரண்டு அங்குலத்துக்குள் எரிவது

அன்றைக்கு வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கையில் 2 அங்குலக் குழல் கொண்ட, ஐந்து ரவுண்டு பிடிக்கும் சின்ன ரிவால்வர். உள்ளே நானே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிரப்பிய .357 மேக்னம் தோட்டாக்கள். கையேட்டில் நான் எடுத்த வெடிமருந்துக்குக் கொடுத்திருந்த மேல் வரம்பை ஒட்டி நிரப்பியிருந்தேன், கூடுதல் வேகம் கிடைக்கும் என்ற நினைப்பில். முதல் குண்டைச் சுட்டதும் குழலின் வாயில் ஒரு தர்பூசணி அளவுக்கு ஆரஞ்சு நிற நெருப்பு எழுந்து அணைந்தது. இரண்டு விநாடிக்கு இலக்கே தெரியவில்லை. உள்ளங்கை எரிந்தது. பக்கத்து மேடையில் இருந்த ஒரு மூத்தவர், எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறை அவர், காதுக்கவசத்தைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்த நெருப்பு குழலுக்கு வெளியே எரியுது. உன் குண்டு அதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

இவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடமும் இரண்டு நோட்டுப் புத்தகங்களும் ஆயின. குட்டைக் குழல் கைத்துப்பாக்கிக்குத் தோட்டா நிரப்புவது நீளக் குழலுக்கு நிரப்புவதைப்போல இல்லை என்பதையும், அதில் தேட வேண்டியது வேகம் இல்லை என்பதையும் அந்த ஒரு வருடத்தில்தான் கற்றேன். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் சில வார்த்தைகளைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தோட்டா என்று நான் சொல்வது முழுப் பொருளை. அதாவது பித்தளைக் கேஸ், அதன் அடியில் அடிபட்டதும் தீ கொடுக்கும் பிரைமர், உள்ளே மருந்து, மேலே குண்டு எல்லாம் சேர்ந்தது. பேச்சில் குண்டையும் தோட்டா என்றே சொல்லிவிடுகிறோம், இந்தக் கட்டுரையில் இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன். அப்புறம், மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதப்போவதில்லை. அதை மருந்துத் தயாரிப்பாளரும் குண்டுத் தயாரிப்பாளரும் வெளியிடும் கையேட்டிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும், வேறு யார் சொன்னாலும் எடுக்கக் கூடாது, நான் சொன்னாலும்தான். சட்டமும் உரிமமும் அனுமதிக்காத இடத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சரி, அந்த நெருப்புக்கு வருகிறேன்.

இன்றைய தோட்டாக்களில் போடும் புகையில்லா மருந்தை 1884-இல் பிரான்சில் பால் வியெய் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். அதன் முக்கியமான குணம், சுற்றியுள்ள அழுத்தம் கூடக்கூட எரியும் வேகமும் கூடுவது. திறந்த தட்டில் கொட்டிப் பற்றவைத்தால் புஸ்ஸென்று சோம்பலாக எரிகிற அதே மருந்து, மூடிய கேஸுக்குள் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்தில் வாயுவாகிவிடுகிறது. கைத்துப்பாக்கியில் குண்டு கேஸை விட்டுக் கிளம்பி அரை அங்குலம் போவதற்குள்ளேயே பொதுவாக அழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் அந்த வாயு விரிந்து குண்டைத் தள்ளுவதுதான். நீளக் குழலில் தள்ளுவதற்கு நேரமும் இடமும் இருக்கின்றன. 2 அங்குலக் குழலில் வாயு இன்னும் கடும் அழுத்தத்தில் இருக்கும்போதே குண்டு வெளியேறி, கதவு திறந்துவிடுகிறது.

அப்படி வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிறைய இருக்கும், ஏனென்றால் மருந்துக்குள் இருக்கும் ஆக்சிஜன் முழு எரிதலுக்குப் போதாது. சூடான அந்த வாயு வெளிக்காற்றில் கலந்ததும் மறுபடி தீப்பிடிக்கிறது. நான் பார்த்த ஆரஞ்சுப் பந்து அதுதான். அந்த நெருப்பைப் பார்த்துவிட்டு "எரியாத மருந்து வெளியே வந்து எரியுது" என்று பலர் சொல்வார்கள். கொஞ்சம் எரியாத துகளும் வரத்தான் செய்யும், ஆனால் பெரும்பகுதி நெருப்பு இந்த வாயு காற்றோடு சேர்ந்து எரிவதால் வருவது. எப்படிப் பார்த்தாலும் அண்ணன் சொன்னது சரி. அந்த எரிதலால் குண்டுக்கு ஒரு பயனும் இல்லை, சுடுகிறவனின் கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும்தான் அதன் பாரம்.

இங்கேதான் தோட்டா நிரப்புகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் அறிவுரை வருகிறது. "குட்டைக் குழலுக்கு வேகமா எரியுற மருந்தைப் போடு, அது குழலுக்குள்ளேயே எரிஞ்சு முடிஞ்சிடும், அப்பத்தான் வேகம் கிடைக்கும்." கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் நம்பினேன். பிறகு குண்டின் வேகத்தை அளக்கும் ஒரு குரோனோகிராஃப் வாங்கி, கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள்ளேயே மூன்று மருந்துகளை ஒரே குண்டோடு, ஒரே ரிவால்வரில் அளந்தபோது அந்த நம்பிக்கை பாதி உடைந்தது. மெதுவாக எரியும் மருந்துதான் 2 அங்குலக் குழலிலும் அதிக வேகம் கொடுத்தது. இது என் துப்பாக்கியின் தனிக் குணம் இல்லை. நீளக் குழலில் எந்த மருந்து அதிக வேகம் தருகிறதோ, அதே மருந்துதான் பெரும்பாலும் குட்டைக் குழலிலும் அதிக வேகம் தருகிறது. மெதுவான மருந்தை அளவு கூடுதலாக நிரப்ப முடியும், அழுத்தம் உச்சத்துக்குப் போய்விட்டு இறங்கும்போதும் அது மெதுவாகவே இறங்கும். மொத்தத்தில் குண்டின் மேல் விழும் தள்ளு அதிகம்.

ஆனால் பாருங்கள், அறிவுரையின் காரணம் தப்பு என்றாலும் அறிவுரை சரிதான்! மெதுவான மருந்தால் கிடைத்த கூடுதல் வேகம் நீளக் குழலில் கண்ணுக்குத் தெரிகிற அளவு, 2 அங்குலத்தில் அது சொற்பமாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சொற்பத்துக்காக நான் கொடுத்த விலை என்ன? நெருப்புப் பந்து, காதுக்கவசத்தையும் மீறி மார்பில் அறையும் அதிர்வு, பின்னுதைப்பு, எல்லாவற்றையும்விட ஒரு ரவுண்டுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் இடையே பெரிய வேக வித்தியாசம்.

பின்னுதைப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். துப்பாக்கி பின்னால் வருவதற்குக் காரணம் குண்டு மட்டும் இல்லை, மருந்தும்தான். வாயுவாக மாறினாலும் அதன் எடை எங்கும் போவதில்லை, அதுவும் குழல் வழியே முன்னால் பாய்கிறது, குண்டைவிட வேகமாக. கைத்துப்பாக்கிக்கு அந்த வாயுவின் வேகத்தைக் குண்டின் வேகத்தைப்போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். 158 கிரெய்ன் குண்டு என்றால் சுமார் 10.2 கிராம். அதை 430 கிராம் எடையுள்ள அலுமினிய உடல் ரிவால்வரிலிருந்து, மேக்னத்தைவிடக் குட்டையான, அழுத்தம் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவின் வேகத்தில், விநாடிக்கு ஏறக்குறைய 210 மீட்டரில் அனுப்பினால், துப்பாக்கி விநாடிக்கு 5 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் கையை நோக்கி வருகிறது. அதே எடையுள்ள துப்பாக்கியில் மேக்னம் தோட்டா போட்டு, குண்டு 320 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால், துப்பாக்கியின் வேகம் கிட்டத்தட்ட 9 மீட்டர். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் கை வாங்கும் அடி ஏறக்குறைய மூன்று மடங்கு. இதில் மருந்தின் பங்கு மட்டும் எட்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் வருகிறது. அதாவது அந்த நெருப்பைப் பார்ப்பதற்காகவே என் கை ஒரு பங்கு அடி வாங்கிக்கொண்டிருந்தது.

வேகத்தைப் பற்றிய இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தை நம்பி, அது நம் துப்பாக்கியிலும் வரும் என்று எதிர்பார்ப்பது. .38 ஸ்பெஷலில் 158 கிரெய்ன் குண்டுக்குப் பழக்கமான எண் விநாடிக்கு 755 அடி. அது 4 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. அந்தக் குழலில் ரிவால்வரில் உள்ளதுபோல இடைவெளியும் விட்டிருப்பார்கள். 2 அங்குலத்தில் அதே தோட்டா 700 அடிக்குக் கீழே போனால் தோட்டாவில் குறை எதுவும் இல்லை. ரிவால்வரில், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரின் ஆறில் ஒரு பங்கு அளவில் இடைவெளி இருக்கும், வாயு கொஞ்சம் அந்த வழியாகவும் தப்பும். இந்த இடைவெளி துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். ஒரே மாதிரியான இரண்டு ரிவால்வரில் ஒரே தோட்டா வேறு வேறு வேகம் காட்டுவதற்கு இதுவே போதுமான காரணம்.

மேகசினிலிருந்து தோட்டா ஏறும் பிஸ்டலோடு ஒப்பிடும்போது இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். ரிவால்வரில் குழலின் நீளம் என்பது சிலிண்டருக்கு முன்னால் இருப்பது மட்டும். பிஸ்டலில் தோட்டா உட்காரும் அறையையும் சேர்த்துத்தான் நீளம் சொல்கிறார்கள். 9 மி.மீ. லூகர் என்ற பிஸ்டல் தோட்டாவின் கேஸ் 19.15 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். ஆக 3 அங்குல பிஸ்டலில் குண்டு ஓடுவதற்கு மிஞ்சுவது இரண்டேகால் அங்குலம்தான். காகிதத்தில் 3, 2 என்று தெரிகிற இரண்டும் நிஜத்தில் கிட்டத்தட்ட ஒரே நீளம். அப்படியும் 9 மி.மீ. அதிக வேகம் தருவது அதன் அழுத்தத்தால். அமெரிக்கத் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்த வரம்பு .38 ஸ்பெஷலுக்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, 9 மி.மீ.க்கு 35,000. இரண்டு மடங்குக்கு மேல். .38-இல் அந்த வேகத்தை எட்டிப் பிடிக்க நினைத்து அழுத்தத்தை ஏற்றுவது துப்பாக்கியின் சிலிண்டரோடு விளையாடுவது. நான் அதைச் செய்ததில்லை, யாரும் செய்ய வேண்டாம்.

.38 ஸ்பெஷல் என்ற அந்தப் பழைய தோட்டாவைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் குட்டை ரிவால்வருக்கு நிரப்புகிறவன் பெரும்பாலும் அதோடுதான் வாழ்கிறான். அது 1898-இல் பிறந்தபோது, புகை கக்கும் பழைய கருமருந்தின் காலம் முழுதாக முடிந்திருக்கவில்லை. சுமார் 21 கிரெய்ன் கருமருந்து பிடிக்கிற அளவுக்குக் கேஸை நீளமாகச் செய்தார்கள். பிறகு அந்தக் கேஸுக்குள்ளும் புகையில்லா மருந்து வந்தது. அதே வேலைக்கு அது மிகச் சின்ன அளவே போதும், இலக்குப் பயிற்சித் தோட்டாவில் அரை கிராம்கூடக் கிடையாது. ஆனால் கேஸின் நீளம் மாறவில்லை. 1927-இல் கோல்ட் நிறுவனம் 2 அங்குலக் குழலோடு டிடெக்டிவ் ஸ்பெஷலைக் கொண்டுவந்தபோதும், 1950-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஐந்து ரவுண்டு சீஃப்ஸ் ஸ்பெஷலைக் கொண்டுவந்தபோதும் அவற்றுக்குள் போனது அதே கருமருந்துக் காலக் கேஸ்தான். உள்ளே கொஞ்சம் மருந்து, மீதி வெறும் காற்று.

இந்தக் காலி இடம்தான் .38-இன் எல்லாத் தொல்லைக்கும் வேர்.

முதல் தொல்லை, மருந்து எங்கே கிடக்கிறது என்பது. துப்பாக்கியைக் கீழ்நோக்கிப் பிடித்திருந்து நிமிர்த்திச் சுட்டால் மருந்து குண்டின் பக்கம் குவிந்திருக்கும். மேல்நோக்கிப் பிடித்திருந்து இறக்கிச் சுட்டால் பிரைமர் பக்கம் குவிந்திருக்கும். பிரைமரின் தீ நேரடியாக மருந்தின் மேல் விழுந்தால் எரிதல் சுறுசுறுப்பாகத் தொடங்கும், காற்றைக் கடந்து போய்த் தொட வேண்டியிருந்தால் மந்தமாக. நான் ஒரு மருந்தில் இரண்டு விதமாகவும் பத்துப் பத்து ரவுண்டு சுட்டு அளந்தேன். சராசரியில் விநாடிக்கு 60 அடி வித்தியாசம் வந்தது, ஒரே பெட்டி, ஒரே நாள், ஒரே துப்பாக்கி. 700 அடியே போகாத தோட்டாவில் 60 அடி என்பது சின்ன விஷயம் இல்லை. இன்னொரு மருந்தில் அந்த வித்தியாசம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. நான் கடைசியில் எந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தேன் என்பதைத் தீர்மானித்தது இந்தச் சோதனைதான், அதிகபட்ச வேகம் இல்லை.

இரண்டாவது தொல்லை உயிரோடு விளையாடுவது. வேகமாக எரியும் மருந்து இடம் கொஞ்சம்தான் எடுக்கும். புல்ஸ்ஐ என்ற மருந்து .38 வந்த அதே 1898-இலிருந்து விற்பனையில் இருக்கிறது, இலக்குச் சுடுபவர்கள் தலைமுறைகளாக அதை நம்புகிறார்கள், நல்ல மருந்து. ஆனால் இப்படிப்பட்ட மருந்தை .38 கேஸில் கவனமில்லாமல் இரண்டு முறை ஊற்றினாலும் கேஸ் நிரம்பாது. குண்டை மேலே வைத்து அழுத்திவிட்டால் வெளியிலிருந்து எந்த வித்தியாசமும் தெரியாது. இரட்டை மருந்து சிலிண்டரைப் பிளந்துவிடலாம். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, கையேட்டில் இருக்கிற மருந்துகளில் பருமன் அதிகமானதை, கேஸை முடிந்தவரை நிரப்புகிற ஒன்றை எடுங்கள். இரண்டு முறை ஊற்றினால் வழிந்து மேசையில் கொட்ட வேண்டும். அந்த வழிதல்தான் உங்கள் முதல் காவல்.

இதற்கு நேர் எதிரான தப்பு, மருந்தே ஊற்றாமல் விடுவது. அது எனக்கு நடந்தது. ஐம்பது குழி கொண்ட மரப்பலகையில் கேஸ்களை நிறுத்தி வரிசையாக மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் போன் அடித்தது, எடுத்துப் பேசினேன், திரும்பி வந்து விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஒரு கேஸ் தப்பிவிட்டது. இரண்டு நாள் கழித்து மைதானத்தில் மூன்றாவது ரவுண்டில் 'டப்' என்று சின்னச் சத்தம், உதைப்பே இல்லை. விசையை மறுபடி இழுக்கப் பார்த்தேன், சிலிண்டர் சுழலவில்லை. பிரைமரின் வேகத்தில் மட்டும் நகர்ந்த குண்டு பாதி சிலிண்டரிலும் பாதி குழலிலுமாக நின்றிருந்தது. அது அப்படி நின்றதால்தான் நான் தப்பித்தேன். துளி மருந்து உள்ளே இருந்திருந்தால் குண்டு குழலுக்குள் முழுசாகப் போய் அங்கே நின்றிருக்கும், சிலிண்டர் தடையில்லாமல் சுழன்றிருக்கும், அடுத்த குண்டு அதன் முதுகில் போய் மோதியிருக்கும்.

அன்றிலிருந்து போன் வேறு அறையில் இருக்கும். நடுவில் எழுந்தால், எவ்வளவு ஊற்றியிருந்தாலும் எல்லாவற்றையும் மறுபடி டப்பாவுக்குள் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். மேசையில் ஒரே நேரத்தில் ஒரு மருந்து டப்பாவுக்கு மேல் இருக்காது. குண்டு வைப்பதற்கு முன்னால் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து ஐம்பது கேஸையும் வரிசை வரிசையாக, பிறகு பத்தி பத்தியாக, இரண்டு திசையிலும் பார்ப்பேன். சுடும்போது சத்தமோ உதைப்போ ஒரு மாற்றுக் குறைந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, துப்பாக்கியை முழுதாகக் காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. இதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது.

கிரிம்ப் பற்றிச் சொல்ல வேண்டும். கேஸின் வாயை உள்பக்கமாக மடித்துக் குண்டைப் பிடிக்க வைப்பதுதான் கிரிம்ப். நீளமான கனத்த ரிவால்வரில் அதைக் கொஞ்சம் அசட்டையாகச் செய்தாலும் ஓடிவிடும். சின்ன ரிவால்வர் மன்னிக்காது. ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி வெடுக்கென்று பின்னால் வருகிறது, சிலிண்டரில் காத்திருக்கும் தோட்டாக்களின் கேஸ் விளிம்பில் மாட்டிக்கொண்டு கூடவே வருகிறது, ஆனால் கனமான குண்டு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நான்கு முறை இப்படி இழுபட்டால் ஐந்தாவது தோட்டாவின் குண்டு கேஸிலிருந்து முன்னால் நழுவி, சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டிவிடும். அது குழலின் பின்முனையில் இடித்ததும் சிலிண்டர் பூட்டிக்கொள்ளும். துப்பாக்கி எவ்வளவு எடை குறைவோ அவ்வளவு மோசம். மிக லேசான உலோகத்தில் செய்யும் சில மேக்னம் ரிவால்வர்களில் உறையில்லாத ஈயக் குண்டு போடாதே என்று தயாரிப்பாளரே எச்சரிப்பது இதனால்தான்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஐந்தில் ஒரு தோட்டாவுக்கு மையால் குறி போட்டு, காலிப்பரில் அதன் நீளத்தை அளந்து எழுதிக்கொள்வேன். அதைக் கடைசிக் குழியில் போட்டு மற்ற நான்கையும் சுட்டுவிட்டு, எடுத்து மறுபடி அளப்பேன். நீளம் கூடியிருந்தால் கிரிம்ப் போதவில்லை. .38-இல் தோட்டா விளிம்பைப் பிடித்து நிற்பதால் குண்டில் இருக்கும் பள்ளத்துக்குள் கேஸ் வாயை நன்றாக உருட்டி மடிக்கலாம். 9 மி.மீ.யில் அது கூடாது, ஏனென்றால் அந்தத் தோட்டா அறைக்குள் நிற்பதே கேஸின் வாயை ஊன்றித்தான். அங்கே பக்கவாட்டில் லேசாக இறுக்கினால் போதும். சின்ன பிஸ்டலில் தொல்லை தலைகீழாக இருக்கும். தோட்டா மேகசினிலிருந்து சரிவில் மோதி ஏறும்போது குண்டு உள்ளே அமுங்கக்கூடும். 9 மி.மீ. கேஸில் காலி இடம் குறைவு, குண்டு ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனாலும் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அதனால் பிஸ்டல் தோட்டாவை மேசை விளிம்பில் ஊன்றி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப அறையில் ஏற்றி இறக்குவதும் இதே காரணத்தால் தப்பு.

நல்ல கிரிம்ப் இன்னொரு உதவியும் செய்கிறது. குண்டைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து அழுத்தம் ஏற விடுவதால் மருந்து சுத்தமாக எரிகிறது. எரியாத துகள் மிஞ்சினால் 2 அங்குல ரிவால்வரில் அது வெறும் அழுக்கு இல்லை. காலிக் கேஸ்களைத் தள்ளும் எஜெக்டர் கம்பி குட்டைக் குழலுக்கு ஏற்றபடி குட்டையாகத்தான் இருக்கும், கேஸை முழுசாக வெளியே தள்ளாது, மேக்னம் கேஸ் நீளம் கூடுதல் என்பதால் இன்னும் தொல்லை. அந்த நேரத்தில் எரியாத மருந்துத் துகள் நாலைந்து, கேஸ் விளிம்புகளைப் பிடித்துத் தூக்கும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் போய்விட்டால் சிலிண்டர் மூடவே மூடாது. குழலை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, கம்பியை உள்ளங்கையால் ஓங்கி ஒரே தட்டு. கேஸோடு துகளும் கீழே கொட்டிவிடும். இதை முதலில் காட்டிக்கொடுத்ததும் அந்த அண்ணன்தான்.

குண்டின் எடையைப் பற்றி ஒன்று. சின்ன ரிவால்வர்களில் குறி பார்க்கும் சைட் திருகி மாற்ற முடியாதபடி உடலோடு சேர்ந்தே இருக்கும், .38 என்றால் பெரும்பாலும் 158 கிரெய்ன் குண்டுக்குப் பொருந்தும்படி அமைத்திருப்பார்கள். நான் உதைப்பைக் குறைக்க 110 கிரெய்ன் லேசான குண்டு போட்டேன், எல்லாம் இலக்கின் கீழ்ப்பாதியில் விழுந்தன. வேகமான குண்டு மேலேதானே போக வேண்டும் என்று குழம்பினேன். நடப்பது என்னவென்றால், குண்டு குழலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கியின் மூக்கு மேலே எழத் தொடங்கிவிடுகிறது. கனமான, மெதுவான குண்டு குழலில் அதிக நேரம் இருப்பதால் மூக்கு நன்றாக எழுந்த பிறகு வெளியேறுகிறது, லேசான குண்டு எழுவதற்கு முன்பே போய்விடுகிறது. அதனால் குட்டைத் தூரத்தில் வேகமான குண்டுதான் தாழப் படும். உதைப்பைக் குறைக்க எனக்குக் கடைசியில் பொருந்தியது 148 கிரெய்ன் வாட்கட்டர், அந்தத் தட்டை மூக்கு இலக்குக் குண்டு. அது கேஸுக்குள் ஆழமாக, வாய்மட்டம் வரை இறங்கி உட்காருவதால் அந்தக் காலி இடத்தையும் பாதி அடைத்துவிடுகிறது. மெதுவாகப் போகும், காகிதத்தில் பஞ்ச் அடித்ததுபோல வட்டமாக வெட்டும். அடிப்பாகம் குழிவான மென்ஈய வகையை மட்டும் வேகமாகத் துரத்தக் கூடாது, ஓரம் கிழிந்து குழலில் தங்கிவிடும் அபாயம் உண்டு.

இந்தத் தோட்டாவோடு என் குட்டை ரிவால்வர் 25 மீட்டரில் காட்டிய துல்லியம், பலர் அதற்குக் கொடுக்காத மரியாதை. ஒரு மேடையில் மணல் மூட்டை வைத்துத் தாங்கிச் சுட்டால் குட்டைக் குழலும் நீளக் குழலோடு கிட்டத்தட்டப் போட்டி போடும். கையில் பிடித்ததும்தான் சிதறுகிறது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர்தான் தூரம் என்றால், அரை மில்லிமீட்டர் தவறு 25 மீட்டரில் 12.5 சென்டிமீட்டர் விலகலாகிறது. சைட்டுகளுக்கு நடுவே 20 சென்டிமீட்டர் இருக்கும் துப்பாக்கியில் அதில் பாதிதான். ஆக குறை குழலிலும் இல்லை, தோட்டாவிலும் இல்லை, கண்ணிலும் விரலிலும் இருக்கிறது. அதைச் சரிசெய்ய நிறையச் சுட வேண்டும், நிறையச் சுட வேண்டுமென்றால் கை தாங்கும் தோட்டா வேண்டும். நூறு ரவுண்டுக்குப் பிறகும் விசையை நிதானமாக இழுக்க முடிகிற தோட்டா. அந்தத் தர்பூசணி நெருப்புத் தோட்டாவில் பத்தாவது ரவுண்டிலேயே என் விரல் பயந்து விசையைப் பிடுங்கத் தொடங்கியிருந்தது.

மேசையில் வேலை செய்யும்போது ஈயத்தை மறந்துவிட வேண்டாம். குண்டில் மட்டும் இல்லை, பெரும்பாலான பிரைமரிலும் ஈயச் சேர்மம் இருக்கிறது, சுட்ட கேஸுக்குள் அதன் கரி ஒட்டியிருக்கும். கேஸ்களை உலர்ந்த பொடியில் உருட்டிச் சுத்தம் செய்தால் அந்தத் தூசி அறை முழுக்கப் பறக்கும். நான் தண்ணீரில் எஃகு ஊசி போட்டு உருட்டும் முறைக்கு மாறிவிட்டேன். நிரப்பும் மேசையில் சாப்பிடுவதில்லை, முடிந்ததும் கை முகம் கழுவுகிறேன்.

நேற்று ராத்திரி ஐம்பது .38 நிரப்பினேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது நான்காவது வரிசையில் ஒரு கேஸில் மட்டும் மருந்தின் மட்டம் மயிரிழை உயரமாகத் தெரிந்தது. வெளியே கொட்டித் தராசில் போட்டேன். அளவு சரியாகவே இருந்தது. கேஸைத் திருப்பி அடியைப் பார்த்தால் அது வேறு தயாரிப்பு, அடிப்பாகம் தடித்தது, மற்ற நாற்பத்தொன்பதோடு எப்படியோ கலந்துவிட்டது. அதைத் தனி டப்பாவில் போட்டுவிட்டு, மற்ற நாற்பத்தொன்பதின் தயாரிப்பிலேயே ஒரு கேஸ் எடுத்து நிரப்பி, ஐம்பதையும் மறுபடி முதல் வரிசையிலிருந்து பார்த்தேன்.